சித்திரை வீதி டச்பேடும் என் கைராசியும்

புதிதாக சர்வீஸ் பிரிவில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மல்லிகா அக்காவுக்குக் கைராசி உண்டு, அவர் தொட்டால் எந்த லேப்டாப்பும் சரியாகிவிடும் என்று கவுண்டரில் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். அந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தது, யாருடைய முட்டாள்தனத்தால் ஆரம்பித்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். முட்டாள் யார் என்று தெரிந்துகொள்ளக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம், நான்தான்.

ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. திருவானைக்காவலில் வீட்டோடு இருந்துகொண்டு முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன். போன வாரம் முதலாளி போன் செய்து, "அக்கா, உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க, புதுசா வந்தவங்க படிக்கட்டும்" என்றார். எந்த மாதிரி அனுபவம் என்று கேட்டேன். "அதான்க்கா, தண்ணியில விழுந்த லேப்டாப்பப் பொழைக்க வச்சீங்களே, அந்த மாதிரி" என்றார். அந்தக் கதையை நானே நூறு தடவை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தண்ணீரின் ஆழம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது. அதனால் அதை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். எனக்கு லினக்ஸ் பைத்தியம். பழைய லேப்டாப்போடு யார் கடைக்குள் வந்தாலும், "லினக்ஸ் போட்டுடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் "வாங்க, உக்காருங்க" என்பேன். லேப்டாப்பை ஓட்டுகிற மென்பொருள், காசு இல்லாமல் கிடைக்கிறது, உலகமெங்கும் முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று பிரசங்கமே செய்வேன். வாடிக்கையாளர் பாவம், பேட்டரி மாற்ற வந்திருப்பார். கவுண்டரில் இருந்த ஷகிலா, "அக்கா, அவரு பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறாரு" என்று இடையில் புகுந்து காப்பாற்றுவாள்.

அப்படி என் பிரசங்கத்தில் விழுந்தவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கம் வேதவல்லி மாமி. அறுபத்திரண்டு வயது. கீழச் சித்திரை வீதியில் வீடு. வெளிநாட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு ஞாயிறு காலையில் வீடியோவில் பாசுரம் சொல்லிக் கொடுக்கிறார். மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்தான் பள்ளிக்கூடம். அது திறப்பதற்குள் மாமி குளித்து, கோலம் போட்டு, காபியும் குடித்துவிடலாம் என்ற நிலைமை. நான் வீட்டுக்கே போய் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அரை நிமிடத்தில் திறந்தது. "ஏன்னா, இங்க வந்து பாருங்கோளேன்!" என்று மாமி கூவிய கூவலில் மாமா வாயில் வெற்றிலையோடு ஓடிவந்தார்.

அன்றைக்கு நான் செய்த வேலைகள் இவை. லினக்ஸ் போட்டேன். அறைக்குள் வைஃபை சரியாக எட்டவில்லை என்பதால் லேப்டாப்பை ஹாலுக்கு மாற்றினேன். ஹாலில் இருந்தது அந்தக் காலத்து இரண்டு ஓட்டை பிளக். சார்ஜருக்கு மூன்று பின். என் பையில் இருந்த டூ பின் கன்வர்ட்டரைச் செருகி வேலையை முடித்தேன். மாமி கொடுத்த காபியைக் குடித்தேன். பெருமையோடு வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டினேன்.

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு மாமியிடமிருந்து போன்.

"மல்லிகா, அம்பு ஆடறதும்மா."

திரையில் இருக்கும் அம்புக்குறியைத்தான் சொன்னார். விரலை இந்தப் பக்கம் நகர்த்தினால் அது அந்தப் பக்கம் ஓடுகிறதாம். தொடாத பொத்தானை எல்லாம் அமுக்குகிறதாம். வகுப்பு ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு குழந்தையை வெளியே தள்ளிவிட்டது. பாதிப் பாசுரத்தில் மாமியின் குரலை அடைத்துவிட்டது. பிறகு அதுவாகவே எதையோ திறந்து, மாமியின் தலையில் இரண்டு நாய்க் காதுகளை ஒட்டிவிட்டது. மாமிக்கு அது தெரியாது. கால் மணி நேரம் நாய்க் காதோடு பாடம் நடத்தியிருக்கிறார். குழந்தைகள் ஏன் இவ்வளவு சந்தோஷமாகப் பாடுகிறார்கள் என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

லேப்டாப்பையும் சார்ஜரையும் கடைக்கு எடுத்துவரச் சொன்னேன். மாமா ஆட்டோவில் கொண்டுவந்தார். கடையில் இரண்டு நாள் வைத்துச் சோதித்தேன். அம்பு அசையாமல் நின்றது, சொன்ன இடத்துக்குப் போனது, சமர்த்தாகத் திரும்பி வந்தது. திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வகுப்பில் மறுபடி ஆட்டம்.

மாமா அப்போது ஒரு வார்த்தை சொன்னார். "காசு குடுக்காம வாங்கின சாமான் இல்லையோ, அப்படித்தான் இருக்கும்."

பிள்ளைகளே, என் வீட்டுச் சமையலை யாராவது குறை சொன்னால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வராது. காது சூடாகிவிட்டது. லினக்ஸ் மேல் தவறில்லை என்று நிரூபித்தே தீருவது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். இதைக் கவனியுங்கள். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க நான் கிளம்பவில்லை. யார்மேல் கோளாறு இல்லை என்று காட்டக் கிளம்பினேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், போகிற பாதைதான் வேறு.

மாமி பாவம், எளிமையான வழியைத்தான் கேட்டார். "ஒரு மவுஸ் வாங்கிக் குடுத்துடேன், அதை வச்சிண்டு ஓட்டிக்கறேன்." ஷகிலாவும் அதையே சொன்னாள். நான் விடவில்லை. "மவுஸ் வச்சா கோளாறு மறைஞ்சு போயிடும் மாமி, சரியாகாது. நான் சரி பண்ணியே தர்றேன்" என்று மார்தட்டினேன். கடையில் மவுஸ் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் மாமி நிம்மதியாக வகுப்பு நடத்தியிருப்பார், நானும் நிதானமாகத் தேடியிருக்கலாம். வாடிக்கையாளருக்கு முதலில் வேலை நடக்க வேண்டும். உங்கள் ரோஷம் அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கும்.

இரண்டாவது வாரம் நேரே வீட்டுக்குப் போனேன். மாமி ஹாலில் கல்தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே, பாசுரப் புத்தகம் வைக்கும் சாய்வுப் பலகைமேல், சார்ஜர் மாட்டியபடி லேப்டாப். தொட்டுக் காட்டினார். அம்பு வெயிலில் விட்ட புழுவாகத் துடித்தது. எனக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. "நீ ஊஞ்சல்ல உக்காந்துக்கோ" என்று மாமி சொன்னார். ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வாங்கி, விரலை வைத்தேன். அம்பு பெட்டிப் பாம்பாக அடங்கியது.

"பாத்தீங்களா? எனக்கு நல்லாத்தான் போகுது" என்றேன்.

மாமி எழுந்து வந்து, ஊஞ்சல் பக்கத்தில் நின்று, என் மடியில் இருந்த லேப்டாப்பைத் தொட்டார். துடித்தது. நான் தொட்டேன். அடங்கியது. அவர் தொட்டார். துடித்தது.

அந்த இடத்தில் மூளை உள்ளவர்கள் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். நான் வேறொரு முடிவுக்கு வந்தேன். "மாமி, உங்க விரல்லதான் ஏதோ இருக்கு."

விரல் விசாரணை ஆரம்பமானது. மஞ்சள் பூசுகிறீர்களா என்று கேட்டேன். நெய் தொட்டீர்களா என்று கேட்டேன். சோப்புப் போட்டு அலம்பச் சொன்னேன். வெந்நீரில் அலம்பச் சொன்னேன். துடைத்துவிட்டு முகப் பவுடர் போடச் சொன்னேன். மாமி ஒவ்வொன்றையும் பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி செய்துவிட்டு வந்து விரலை நீட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. விரலால் தேய்க்கிற அந்த டச்பேடுக்கு விரலும் ஒன்றுதான், ஈரப்பதமுள்ள காயும் ஒன்றுதான். அடுக்களையிலிருந்து ஒரு வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவரச் சொன்னேன். மாமி பிடித்துக்கொண்டு தேய்த்தார், துடித்தது. அதே பிஞ்சை நான் வாங்கித் தேய்த்தேன், அழகாக ஓடியது.

"வெள்ளரிக்காய் பேர்ல தப்பில்லேன்னு ஆயிடுத்து" என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு நான் ஒரு விஞ்ஞானி.

மாமாவின் விரலைச் சோதித்தேன், துடித்தது. வாசலில் பூ கொடுக்க வந்த பூக்காரம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சோதித்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டபடியே வந்து தொட்டார், அதற்கும் துடித்தது. ஆக, அந்த வீட்டில் யார் தொட்டாலும் ஆடுகிறது, நான் தொட்டால் மட்டும் நிற்கிறது. பூக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மாவுக்குக் கைராசிங்க" என்றார்.

அவ்வளவுதான். பூக்கூடை போகும் இடமெல்லாம் அந்தச் செய்தியும் போனது. அந்த வாரமே கடைக்கு ஒருவர் மிக்ஸியோடு வந்து நின்றார். ரிப்பேர் எல்லாம் வேண்டாமாம், நான் ஒரு தடவை தொட்டுக் கொடுத்தால் போதுமாம். நான் இல்லை இல்லை என்று மறுத்திருக்க வேண்டும். தொட்டுக் கொடுத்தேன். உள்ளுக்குள் இனித்தது, அதை மறைப்பானேன்?

வீட்டிலிருந்து தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மாமி வீட்டு லேப்டாப்புக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து எதையாவது மாற்றுவேன். டச்பேடின் உணர்திறனைக் குறைத்தேன், கூட்டினேன், ஓரங்களை அடைத்தேன், தட்டினால் கிளிக் ஆவதை நிறுத்தினேன், லினக்ஸின் உட்கருவையே இரண்டு தடவை புதுப்பித்தேன். அதையெல்லாம் விவரமாக எழுதி உங்களை அறுக்க மாட்டேன். எல்லாம் சரியான வேலை, எல்லாம் தவறான இடத்தில் செய்த வேலை. மூன்றாவது ஞாயிறும் ஆடியது. அந்த மூன்று வாரத்தில் நான்கு குழந்தைகள் நின்றுவிட்டார்கள். ஒரு தாயார், "வேறு இடத்தில் சேர்த்துக்கொள்கிறோம், மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு சாத்துமுறை. ஒரு வருடப் பாடம் முடிந்து குழந்தைகள் ஒவ்வொருவராகப் பெற்றோர் முன்னால் சொல்லிக்காட்டும் நாள். பத்தொன்பது குழந்தைகள் மிச்சம். ஒவ்வொரு குழந்தையின் முறை வரும்போதும் மாமிதான் அதன் குரலைத் திறந்துவிட வேண்டும், முடிந்ததும் அடைக்க வேண்டும். அத்தனைக்கும் டச்பேடு.

சனிக்கிழமை மாமி போன் செய்தார். குரலில் சண்டை இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"மல்லிகா, நாளைக்கு நீயே வந்து கூட உக்காந்து தொட்டுக்குடு. உன் கைக்குத்தான் அடங்கறது. இதை முடிச்சுட்டு நான் வகுப்பை நிறுத்திக்கறேன்."

"எதுக்கு மாமி நிறுத்தணும்?"

"என் கை அப்படித்தாம்மா. கல்யாணமாகி வந்த புதுசுலேயே மாமியார் சொல்லிட்டா, நான் தொட்டா ஊறுகாய் பூசணம் பூத்துடும்னு. ஊறுகாய் ஜாடிகிட்டயே விடமாட்டா. நாப்பது வருஷம் கழிச்சு இது ஒண்ணுதான் என் கையால நன்னா வந்துண்டிருந்தது. இதுவும் அந்தக் கைதானேன்னு தோணிடுத்து."

போனை வைத்தேன். லினக்ஸின் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனுஷியின் விரலைக் குற்றவாளியாக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோளாறு என்ன என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. கைராசியை நம்பித்தான் மறுநாள் போனேன், வேறு கதி?

ஞாயிறு காலை ஆறரைக்கு ஸ்ரீரங்கம் போய்விட்டேன். ஏழு மணிக்கு வகுப்பு. மாமி மடிசார் கட்டி, ஹாலில் பெருமாள் படத்துக்குப் பூ சாத்தி, கோலம் போட்டு வைத்திருந்தார். நான் பழக்கத்தில் ஊஞ்சலை நோக்கிப் போனேன். மாமி கொஞ்சம் தயங்கினார்.

"இன்னிக்கு மட்டும் கீழ உக்காந்துக்கோயேன். பெருமாள் படம் தரையில இருக்கு, நாம ஊஞ்சல்ல உக்காந்து சேவிக்கறது நன்னாயிருக்காது."

நியாயம்தானே. முழங்கால் கத்தினாலும் பரவாயில்லை என்று மாமி பக்கத்தில் கல்தரையில் உட்கார்ந்தேன். காலையில்தான் துடைத்திருந்தார்கள், தரை ஜில்லென்று இருந்தது. சார்ஜரை மாட்டினேன். விரலை வைத்தேன்.

அம்பு கூத்தாடியது.

மாமா "பெருமாளே!" என்றார். என் கைராசி போய்விட்டது என்பதைவிட, அதை நான் நிஜமாகவே நம்பியிருந்தேன் என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது. மணி ஆறு நாற்பத்தொன்று. திரையின் ஓரத்தில் குழந்தைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து, வகுப்புக்குள் நுழையக் காத்திருப்பது தெரிந்தது. அவர்களை உள்ளே விடும் பொத்தானை அமுக்கப் போனால் அம்பு மேலே போய் நேரத்தைக் காட்டியது. எனக்கே தெரியும், நேரமில்லை என்று.

பதற்றத்தில் கை முதலில் பழைய வழிக்குத்தான் போகும். எந்த செட்டிங்கை மாற்றலாம் என்று தேட ஆரம்பித்தேன். அப்போது லேப்டாப்பின் உலோக விளிம்பில் என் மணிக்கட்டு உரசியது. சுருக்கென்றது. எறும்பு கடித்த அளவுதான். இன்னொரு தடவை உரசிப் பார்த்தேன். மறுபடி சுருக்.

"மாமி, இங்க கை வச்சா சுருக்குனு இருக்கே?"

"ஆமாம், தினம் அப்படித்தான் இருக்கும். வயசாயிடுத்து, நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சுண்டேன்."

"ஏன் மாமி என்கிட்ட சொல்லல?"

"நீ விரலைத்தானே கேட்டே? மணிக்கட்டை நீ கேக்கவே இல்லையே."

பிள்ளைகளே, இருபத்தெட்டு வருட வேலையில் என்னை யாரும் இவ்வளவு சரியாக அறைந்ததில்லை. மூன்று வாரம் அந்த மனுஷியைக் கேள்வி கேட்டிருக்கிறேன், எல்லாம் என் பதிலை மனதில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள். "உங்களுக்கு என்ன தெரியுது, நீங்களே சொல்லுங்க" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாயை மூடியிருந்தால் முதல் வாரமே முடிந்திருக்கும்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊஞ்சலில் ஏறினேன். தொட்டேன், அடங்கியது. காலைத் தரையில் ஊன்றினேன், துடித்தது. காலைத் தூக்கினேன், அடங்கியது. மாமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "கைராசி இல்லையாட்டமா இருக்கு, கால்ராசி!" என்றார்.

சார்ஜரைப் பிடுங்கினேன். தரையில் நின்றபடியே தொட்டேன், அடங்கியது. பேட்டரி ஒன்பது நிமிடம் என்று காட்டியது. பழைய லேப்டாப், பழைய பேட்டரி. சார்ஜர் இல்லாமல் சாத்துமுறை நடக்காது.

பிறகுதான் சுவரைப் பார்த்தேன். இரண்டு ஓட்டை பிளக்கில், நம் கடை ஸ்டிக்கரோடு, நான் செருகிய கன்வர்ட்டர்.

விஷயம் இதுதான். சார்ஜரில் கொஞ்சம் மின்சாரம் கசியும், எல்லாச் சார்ஜரிலும். மூன்றாவது பின் அதை எர்த்துக்கு அனுப்பிவிடும். நான் கன்வர்ட்டரை மாட்டி அந்த வழியை அடைத்துவிட்டேன். அது லேப்டாப்பின் உடம்பிலேயே தங்கி, வெறுங்காலோடு ஈரக் கல்தரையில் இருக்கும் ஆள் தொட்டதும் அவர் வழியாகத் தரைக்குப் போகப் பார்த்தது. டச்பேடு குழம்பி, ஒரு விரலைப் பத்து விரலாகப் பார்த்தது. கடையில் மூன்று பின் பிளக், அதோடு நாம் எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். லேப்டாப் கடைக்கு வந்தது, சார்ஜர் வந்தது, கன்வர்ட்டர் மட்டும் சுவரிலேயே இருந்துவிட்டது. வீட்டுக்குள் செருப்போடு யார் நடப்பார்கள்? நான் ஒருத்திதான் கால் தரையில் படாமல் ஊஞ்சலில் வீற்றிருந்து, மற்றவர்கள் விரலுக்குக் குற்றப்பத்திரிகை வாசித்தேன்.

மணி ஆறு நாற்பத்தொன்பது. மூன்று பின் பிளக் இருந்தது அறையிலும் அடுக்களையிலும்தான்; அறையில் வைஃபை எட்டாது, ஒயரோ ஹால் வரை எட்டாது. ஊஞ்சலில் உட்கார மாமி சம்மதிக்க மாட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு பெருமாள் முன்னால் உட்காரச் சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்.

"மாமி, மணை இருக்கா? மரமா இருக்கணும், காலும் அதுமேலயே மடக்கி உக்கார்ற மாதிரி பெருசா."

"பரண்மேல கல்யாண மணை இருக்கு."

மாமா ஏணி போட்டு ஏறினார். மேலிருந்து தும்மல் சத்தம் பதினைந்து தடவை கேட்டது. ஒருவழியாக மணை இறங்கியது. இரண்டு ஓரத்திலும் பழைய மாக்கோலத்தின் தடம். துடைத்துப் போட்டோம். மாமி அதன்மேல் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தார். மடிசார், தலையில் பூ, கீழே கல்யாண மணை. மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"வேதா, நான் வேணா மாலை வாங்கிண்டு வரட்டுமா?"

"சும்மா இருங்கோ!" என்றார் மாமி. முகம் சிவந்துவிட்டது.

சார்ஜரை மாட்டினேன். "இப்ப உங்க விரலை வைங்க மாமி."

"நீயே வச்சுடேன்."

"இல்ல, நீங்கதான்."

பயந்துகொண்டே வைத்தார். அம்பு நின்றது. இடது பக்கம் இழுத்தார், இடது பக்கம் போனது. வலது பக்கம் இழுத்தார், வந்தது. குழந்தைகளை உள்ளே விடும் பொத்தானில் நிறுத்தி ஒரு தட்டு. திரை முழுக்கப் பத்தொன்பது வீடுகள் திறந்துகொண்டன. மணி ஏழுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

நான் கேமராவுக்குப் படாமல் சுவர் ஓரமாக, கழுத்தை நீட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தை பல்லில்லாமல் சொன்னது. ஒன்று பாதியில் மறந்து அழுதது, மாமி அடியெடுத்துக் கொடுத்ததும் ஒரே மூச்சில் முடித்தது. மாமியின் விரல் ஒவ்வொரு குரலாகத் திறந்தது, அடைத்தது. ஒரு தவறு இல்லை. என் கண் கலங்கியது, முழங்கால் வலியால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மாமி என்னைக் கையைப் பிடித்துக் கேமரா முன்னால் இழுத்தார்.

"குழந்தேளா, இவாதான் மல்லிகா மாமி. இவா கைராசியாலதான் இன்னிக்கு எல்லாம் நன்னா நடந்தது. எல்லாரும் நமஸ்காரம் சொல்லுங்கோ."

பத்தொன்பது குழந்தைகள் கை கூப்பின. பெற்றோர்களும்தான். கன்வர்ட்டரைப் பற்றி அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது. மணை போட்டதும் சரியானது, அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. பேசாமல் சிரித்துக் கும்பிட்டுவிட்டு, போகிற போக்கில் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்பி எர்த்தோடு புதுப் பிளக் போட்டுவிட்டால் கதை முடிந்தது. என் பெயர் சித்திரை வீதியில் இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். வாய் திறக்காமல் இருக்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. ஆனால் என்னைப் பிடித்து இழுத்த மாமியின் கை, நான் மூன்று வாரம் வெந்நீரில் அலம்ப வைத்த கை. நான் சும்மா இருந்தால், அந்தக் கைமேல் போட்ட பழி அங்கேயே கிடக்கும்.

"கைராசியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். "அந்தச் சுவத்துல ஒரு தப்பான பிளக்கு இருக்கு. அதை மாட்டினது நான்தான். அதனாலதான் மூணு வாரமா ஆடுச்சு. லினக்ஸ் மேலயும் தப்பில்ல, மாமி விரல்லயும் தப்பில்ல. தெரியாம அவங்க விரலைச் சொல்லிட்டேன். தப்பு பூரா என்னுது."

திரையில் ஒரு குழந்தை, "மம்மி, ஒய் இஸ் தட் ஆன்ட்டி க்ரையிங்?" என்று கேட்டது தெளிவாக விழுந்தது.

மாமி சுவரைப் பார்த்தார். பிறகு தன் வலது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ என் விரல்ல ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல மாமி."

"சத்தமாச் சொல்லு. அவர் காதுல விழட்டும்."

"மாமி விரல்ல ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினேன். ஏணியில் உட்கார்ந்திருந்த மாமா, "விழுந்துது, விழுந்துது" என்றார்.

மாமி என் பக்கம் திரும்பினார். இப்போது கண்ணில் நல்ல கோபம் இருந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

"மூணு வாரம் விரலை அலம்பினேன். பவுடர் போட்டுண்டேன். வெள்ளரிக்காயைப் பிடிச்சுண்டு அசடு மாதிரி நின்னேன். உனக்கு இன்னிக்குக் காபி கிடையாது."

"சரிங்க மாமி."

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுப் பிளக்கு போட்டுடணும். வகுப்பு இருக்கு."

"போட்டுடறேங்க."

மாமி கேமராவைப் பார்த்து, பூவைச் சரிசெய்துகொண்டு, குழந்தைகளுக்கு விடை கொடுத்தார். விரலை டச்பேடில் வைத்தார். அம்பு நேராகப் போய், வகுப்பை முடிக்கும் சிவப்புப் பொத்தானில் நின்றது. நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, நிதானமாக ஒரு தட்டு தட்டினார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக, மாமி முடித்தபோது வகுப்பு முடிந்தது.